அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள்: மிஷனெரி சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பொதுச் செயலாளர் ஐயா அவர்களுக்கும், நிர்வாகக் குழுவின் பெரியவர்களுக்கும்,

வெளிநாட்டுப் பணித்தளங்கள் எல்லாவற்றுக்கும் நீங்கள் அனுப்பிய புதிய சுற்றறிக்கையைப் பலமுறை வாசித்துவிட்டேன். இனி வரும் இளம் மிஷனெரிகளுக்கு மொழி கற்க ஒரு வருடம் கிடையாது, மூன்று மாதம்தான். இருவர் இருந்த தளங்களில் இனி ஒருவர். மாதக் கடைசியில், விசுவாசத்துக்கு வந்த ஆத்துமாக்களின் எண்ணிக்கையும் புகைப்படங்களும் அடங்கிய அறிக்கை. அந்த எண்ணிக்கையைப் பார்த்தே அடுத்த ஆண்டுக்கான ஆதரவு. புதிதாக வருபவர்கள் மனம் பின்னிட்டுப் போகாதபடிக்கு, முதல் ஆறு மாதம் வீட்டாரோடு மாதத்துக்கு ஒரே ஒரு முறை பேசலாம். இவற்றில் எதையும் என் மனச்சாட்சி ஒப்புக்கொள்ளவில்லை.

நேராகப் பொதுவெளிக்கு வந்துவிடவில்லை. தள ஒருங்கிணைப்பாளர் வழியாக முறைப்படி எழுதினோம். கீழ்ப்படிதலின் ஆவிக்காக ஜெபியுங்கள் என்று ஒரு வரிப் பதில் வந்தது. ஐயா, கீழ்ப்படிந்துதான் நாங்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டோம். கீழ்ப்படிந்துதான், பேச்சு புரியாத ஊரில், பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் நடுவில் குடியேறினோம். எங்களிடம் குறைவாக இருப்பது கீழ்ப்படிதல் அல்ல. எங்களைத் தாங்குகிற குடும்பங்களும் இதை வாசிக்கட்டும் என்றே திறந்த மடலாக எழுதுகிறேன். மிஷனெரிகளைச் சங்கம் பார்த்துக்கொள்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் காணிக்கை அனுப்புகிறார்கள். நான் ஊழியம் செய்யும் நாட்டின் பெயரையும் என் பெயரையும் எழுதவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் நாள் எப்படிப் போகிறது என்பது உங்கள் படிவத்தில் தெரியாது. விடியுமுன் எழுந்து வேதம் வாசித்து ஜெபிக்கிறோம். அதன் பிறகு மொழி. அதன் பிறகும் மொழிதான். விசா நீட்டிப்புக்காக எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் தவறான வரிசையில் பாதி நாள் நிற்பதும், வயிற்றில் எங்கே எப்படி வலிக்கிறது என்று மருத்துவருக்குக் கையால் காட்டுவதும், பக்கத்து வீட்டுக் குழந்தை நம் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டு அதுவே பொறுமையாகத் திருத்துவதும் எங்கள் நாளில் அடங்கும். சாயங்காலம் வீடு சந்திப்பு. இரவில் துணி துவைக்கும்போது அன்றைக்குக் காதில் விழுந்த புதிய சொற்களை முணுமுணுத்துக்கொண்டே துவைப்போம். இதில் ஊழியம் எங்கே என்று கேட்பீர்கள். குழந்தை சொல்லிக் கொடுக்க நாங்கள் கற்றுக்கொள்ளும்போதுதான் அந்தக் குழந்தையின் தாய் எங்களுக்குக் கதவைத் திறக்கிறாள். அந்நியராக நிற்கும் இந்த மாதங்களில்தான் மக்கள் எங்களை எடைபோட்டுப் பார்க்கிறார்கள். பிரசங்கத்தைக் கேட்பது அதற்குப் பிறகுதான்.

மூன்று மாத மொழிப் பயிற்சியின் பலனை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். சோதனை முறையில் அப்படி அனுப்பப்பட்ட ஒரு தங்கை எங்கள் தளத்துக்கு வந்தாள். நல்ல பிள்ளை. ஜெபிக்கிறவள். சுவிசேஷச் சுருக்கத்தை அந்த நாட்டு மொழியில் முழுவதும் மனப்பாடம் செய்திருந்தாள். உச்சரிப்பும் என்னுடையதைவிடச் சுத்தம். ஒரு வீட்டுக்குப் போனோம். நடுவயது அம்மா ஒருவர் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "என் மகன் இதையெல்லாம் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டானே, அவன் இப்போது எங்கே இருக்கிறான்?" என்று கேட்டார். தங்கைக்கு அதில் புரிந்தது மகன் என்ற ஒரு சொல்தான். தேவகுமாரனைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, முகம் மலர, தேவன் தம்முடைய ஒரே குமாரனைத் தந்தருளினார் என்ற பகுதியை மறுபடி ஒப்பிக்கத் தொடங்கினாள். அந்த அம்மா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த மொழியில், மகனின் பெயரைக் கேட்டேன். அதற்குமேல் அன்றைக்கு எதுவும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில் அந்த அம்மா என்ன கேட்டார் என்று சொன்னபோது, தங்கை பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதாள். அவள் மேல் என்ன குற்றம்? காது பழகுமுன் வாயைப் பழக்கி அனுப்பியது யார்?

அந்த மாத அறிக்கையில் அந்தச் சந்திப்பு, சுவிசேஷம் அறிவிக்கப்பட்ட வீடுகளில் ஒன்றாகக் கணக்கில் ஏறியது. அலுவலகத்துக்கு அது நல்ல செய்தியாகத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயது நிரம்பவில்லை. எங்கள் வயது. அவர் வந்ததும் செய்தது என்ன? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து பழகினார். தமிழர் என்ன வாசிக்கிறார்கள், எதை நம்புகிறார்கள் என்று அறிய ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், வாசித்தார், அவற்றுக்குப் பட்டியலும் எழுதினார். அந்த உழைப்பிலிருந்து பிறந்ததுதான் 1715இல் அச்சில் நிறைவு பெற்ற தமிழ்ப் புதிய ஏற்பாடு. அவருக்கு மூன்று மாதக் கெடு வைத்திருந்தால் நம் கையில் என்ன இருந்திருக்கும்? அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன் 1813இல் பர்மாவின் ரங்கூனுக்குப் போனார். பர்மிய மக்கள் வந்து கேட்கும்படி சாலையோர மண்டபம் ஒன்றில் அவர் பொது ஆராதனை தொடங்கியது 1819இல். இடையில் கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள். அவர் மொழிபெயர்த்த பர்மிய வேதாகமத்தை இன்றைக்கும் அந்த மக்கள் வாசிக்கிறார்கள். நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடைகளில் இவர்களின் பெயரைச் சொல்லித்தானே வாலிபரை அர்ப்பணிப்புக்கு அழைக்கிறீர்கள்? அவர்கள் எடுத்துக்கொண்ட காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்தது 1793இல்; அவருடைய ஊழியத்தின் முதல் கனியாகக் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் கடைசியில். ராபர்ட் மாரிசன் 1807இல் சீனாவுக்குப் போய், முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1814இல். ஜட்சனுக்கும் முதல் விசுவாசி 1819இல்தான். உங்கள் படிவம் அவர்கள் கையில் இருந்திருந்தால் இந்த மூவருமே மாதா மாதம் பூஜ்யம் எழுதி அனுப்பியிருப்பார்கள். புதிய விதியின்படி மூவருக்குமே இரண்டாம் ஆண்டில் ஆதரவு நின்றிருக்கும்.

கணக்குக் கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. காணிக்கைப் பணத்துக்குக் காசு காசாகக் கணக்குக் கொடுக்க நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆத்துமாவுக்குக் கணக்கு வேறு. பவுல் நட்டார், அப்பொல்லோ நீர் பாய்ச்சினார், விளையச் செய்தவர் தேவன் என்று கொரிந்தியருக்கு எழுதியிருப்பதைப் பிரசங்கிக்கிற நாமே, விளைச்சலுக்கு மிஷனெரியைப் பொறுப்பாளி ஆக்கலாமா? ஆண்டவர் ஊழியத்துக்கு அனுப்பிய எழுபது பேர் திரும்பி வந்து, பிசாசுகளும் கீழ்ப்படிந்தன என்று மகிழ்ச்சியோடு அறிக்கை கொடுத்தார்களே. அதற்காகச் சந்தோஷப்படாமல், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றுதான் ஆண்டவர் திருப்பினார். வெற்றி அறிக்கையையே அப்படி வாங்கிக்கொண்டவர் அவர்.

எண்ணிக்கை கட்டாயமானதிலிருந்து தளங்களில் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறுவர் கூட்டத்தில், என்ன கேட்கிறார்கள் என்றே புரியாமல் கை தூக்கிய குழந்தைகள் தீர்மானம் எடுத்தவர்கள் பட்டியலில் ஏறுகிறார்கள். ஒரே குடும்பம் இரண்டு தளங்களின் அறிக்கையில் வருகிறது. இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. ஒரு மனிதரைச் சந்திக்கும்போதே இவர் எந்தக் கட்டத்தில் வருவார் என்று எங்களில் பலருக்கு மனம் ஓடத் தொடங்கிவிட்டது. கேட்கிறவர்களுக்கு அது தெரியாமல் போவதில்லை. அந்த மனதோடு போய் முழங்கால்படியிட்டால் ஜெபமும் கணக்குப் பார்க்கிறது. ஒரு வாலிபனை அல்லது வாலிபப் பெண்ணைத் தேவன் அழைத்தார் என்று நம்பி அனுப்பிவிட்டு, அந்த அழைப்பை மாதக் கடைசியில் சந்தேகிக்க வைக்கிறது இந்தப் படிவம்.

புகைப்படம் கேட்கிறீர்களே, அதைப் பற்றிச் சொல்கிறேன். நான் பெயர்களை மறைத்ததற்கும் இதுதான் காரணம். இருட்டிய பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. உள்ளே வந்ததும் அவள் முதலில் பார்ப்பது எங்கள் கைப்பேசி எங்கே இருக்கிறது என்பதைத்தான். நாங்கள் இரண்டு கைப்பேசிகளையும் அணைத்து, அடுத்த அறையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி வந்த பிறகுதான் தலையில் போட்ட துணியை எடுத்துவிட்டு உட்காருவாள். வேதத்தைத் தன் மொழியில் அவளே வாசிப்பாள். சத்தம் வெளியே போகாதபடி வாசிப்பாள். இவளை எப்படிப் புகைப்படம் எடுக்கச் சொல்கிறீர்கள்? அலுவலகத்துக்கு வரும் படம் ஜெபக்குறிப்புப் பத்திரிகைக்குப் போகிறது. அங்கிருந்து வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகிறது. முகம், ஊர்ப் பெயர், சாட்சி எல்லாம் சேர்ந்து எங்கெல்லாம் சுற்றுகிறது என்று உங்களுக்கே தெரியாது. பிரச்சினை வந்தால் எங்களிடம் கடவுச்சீட்டு இருக்கிறது, அடுத்த விமானத்தில் ஏறிவிடுவோம். அவள் எங்கே போவாள்? நிக்கொதேமு இராத்திரியில் வந்தபோது, பகலில் வா என்று ஆண்டவர் திருப்பி அனுப்பவில்லை. அறிக்கையில் அவளுக்குக் கட்டம் தேவையில்லை. நான் அவளை எழுதப்போவதும் இல்லை.

அடுத்தது, ஒருவரைத் தனியே அனுப்பும் தீர்மானம். வீட்டு வாடகை மிச்சமாகும், ஒரு தளம் இரண்டாகும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. ஆண்டவர் பன்னிருவரையும் இருவர் இருவராக அனுப்பினார், எழுபது பேரையும் அப்படியே அனுப்பினார். பவுலும் பர்னபாவும் கடுமையாக மனஸ்தாபப்பட்டுப் பிரிந்தபோதுகூட பவுல் சீலாவைச் சேர்த்துக்கொண்டார், பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு போனார். சண்டை போட்டுப் பிரிந்தும் தனியாகப் போகாதவர்கள் அவர்கள். ஒரு பெண்ணை, முன்பின் தெரியாத நாட்டில், தனி வீட்டில் வைப்பது பாதுகாப்பா என்ற கேள்வியைக் குழுவில் யாரும் எழுப்பவில்லையா? காய்ச்சலில் கிடந்தால் தண்ணீர் எடுத்துத் தர ஆள் வேண்டாமா? இவை யாருக்கும் தோன்றக்கூடியவை என்பதால் நீட்டவில்லை.

வெளியே தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வந்த புதிதில், ஒரு நீண்ட காலம், என் ஜெபம் வறண்டு கிடந்தது. வேதத்தைத் திறந்தால் அடுத்த கூட்டத்துக்குக் குறிப்பு எடுக்கத்தான் கண் போனது. எனக்கென்று ஒரு வசனமும் பேசவில்லை. இரவில், தேவன் இந்த ஊரில் இல்லையோ, என் ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேனோ என்றெல்லாம் நினைத்திருக்கிறேன். இதை மாத அறிக்கையில் எழுத முடியாது. வீட்டாரிடம் சொன்னால் பயந்துவிடுவார்கள். என்னோடு தளத்தில் இருந்த சக மிஷனெரி அக்கா கண்டுகொண்டார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. மறுநாள் காலையில் என் வேதப்புத்தகத்தை மெல்ல மூடிவைத்து, "இன்றைக்கு நீ வாசிக்க வேண்டாம், நான் வாசிக்கிறேன், நீ சும்மா கேள்" என்றார். எதுவரைக்கும் கர்த்தாவே என்று தாவீது கேட்கும் பதின்மூன்றாம் சங்கீதத்தை வாசித்தார். மறுநாளும் அவரே வாசித்தார். வாரக்கணக்கில் அவர்தான் வாசித்தார். அவர்தான் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். நான் ஆமென் மட்டும் சொன்னேன். ஒரு நாள் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அன்றைக்கு நான் வாசித்தேன். அதிலிருந்து எனக்கு மறுபடி ஜெபம் வந்தது. நான் இன்றைக்கும் இந்தத் தளத்தில் இருப்பதற்குக் காரணம் தேவ கிருபை. அந்தக் கிருபை எனக்கு அந்த அக்கா வடிவில்தான் அடுத்த அறையில் குடியிருந்தது. அவரை மிச்சமாகும் வாடகையாக நீங்கள் பார்க்கிறீர்கள்.

வீட்டாரோடு பேசும் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். மார்மன் சபை என்று நாம் சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் சபையின் உபதேசத்தை நாம் ஏற்பதில்லை. ஆனால் 18, 19 வயதுப் பிள்ளைகளைப் பல்லாயிரக்கணக்கில் உலகம் முழுவதும் அனுப்பி அனுபவப்பட்டவர்கள் அவர்கள். கிறிஸ்துமசுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டுக்குப் பேசலாம் என்று நெடுங்காலம் வைத்திருந்தவர்கள், 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒரு முறை பேச அனுமதித்துவிட்டார்கள். எல்லாரையும்விடக் கண்டிப்பான ஒழுங்கு உள்ளவர்களே தளர்த்திய கட்டுப்பாட்டை நாம் புதிதாகப் போடுகிறோம். இரண்டிரண்டு பேராக அனுப்பும் வழக்கத்தை அவர்கள் விடவும் இல்லை. என் அம்மாவின் குரலைக் கேட்டால் என் அழைப்பு ஆட்டம் காணும் என்று எண்ணுகிறீர்களா? ஒவ்வொரு வாரமும் என்னைத் திரும்பத் திரும்ப ஊழியத்துக்கு அனுப்பி வைப்பவரே என் அம்மாதான்.

ஓய்வைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. சீஷர்கள் திரும்பி வந்து தாங்கள் செய்ததையெல்லாம் அறிவித்த உடனே, சற்றே இளைப்பாறும்படி வனாந்தரமான இடத்துக்கு வாருங்கள் என்றார் ஆண்டவர். ஹட்சன் டெய்லர் 21 வயதில், 1854இல், ஷாங்காயில் போய் இறங்கினார். ஆறு ஆண்டுகளில் உடல் உடைந்து 1860இல் இங்கிலாந்து திரும்பினார். தோற்றுத் திரும்பியவர் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அந்த ஓய்வுக் காலத்தின் முடிவில்தான், 1865இல், சீன உள்நாட்டு மிஷனை அவர் தொடங்கினார்.

சீகன்பால்கின் கதையில் மேடைகளில் யாரும் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. கடலின் சீற்றத்தையும், தரங்கம்பாடி டேனிஷ் கவர்னர் போட்ட சிறையையும் தாங்கிய மனிதர் அவர். அவருடைய கடைசி ஆண்டுகளைக் கசப்பாக்கியது கோபன்ஹேகனில் இருந்த அவருடைய சொந்த மிஷன் சங்கம். அங்கே செயலாளராக இருந்த கிறிஸ்டியான் வென்ட் என்பவர், மிஷனெரிகள் அப்போஸ்தலரைப் போல ஊர் ஊராகப் பிரசங்கித்துத் திரிய வேண்டும், கட்டிடமும் பள்ளிக்கூடமும் எதற்கு என்ற எண்ணம் கொண்டவர். தரங்கம்பாடியைப் பார்த்ததே இல்லை. அங்கிருந்து கடிந்துகொண்டு கடிதங்கள் வந்தன. ஏற்கெனவே நோயில் இருந்தவர் 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், இறந்தார். உங்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு இந்தச் சுற்றறிக்கையை எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். வென்ட்டும் பக்தியுள்ள மனிதர்தான்.

ஆகவே கேட்கிறேன். மொழி கற்கும் காலத்தைப் பழையபடி முழு ஒரு வருடமாக வையுங்கள். அந்த வருடத்தில் எந்தப் புள்ளிவிவரமும் கேட்காதீர்கள். மூன்று மாதப் பயிற்சியோடு ஏற்கெனவே அனுப்பப்பட்டவர்களுக்கு மீதி மாதங்களைக் கொடுங்கள். அந்தத் தங்கையிலிருந்து தொடங்குங்கள்.

எந்த மிஷனெரியையும் எந்தத் தளத்திலும் தனியாக வைக்க வேண்டாம். இருவருக்குப் பணம் இல்லையென்றால் அந்தத் தளத்தைத் திறப்பதைத் தள்ளிப்போடுங்கள். திறக்காத தளத்துக்காக ஜெபிக்கலாம். தனியே நொறுங்கிப் போன ஒருவரைத் திரும்பக் கட்டுவது எளிதல்ல.

ஆதரவையும் எண்ணிக்கையையும் இணைத்த விதியை நீக்குங்கள். செலவுக் கணக்கை மாதந்தோறும் கேளுங்கள், தருகிறோம். ஊழியத்தைப் பற்றி அறிய வேண்டுமானால் ஆண்டுக்கு ஒரு முறை உங்களில் ஒருவர் வந்து எங்களோடு ஒரு வாரம் தங்குங்கள். வீடுகளுக்குக் கூடவே வாருங்கள்.

புகைப்படம் கேட்பதை இன்றே நிறுத்துங்கள். இதற்குக் குழுக் கூட்டம் கூடக் காத்திருக்கத் தேவையில்லை. ஏற்கெனவே வெளியான ஜெபக்குறிப்புகளில் முகமும் ஊர்ப் பெயரும் உள்ளவற்றை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு, அனுப்பிய குழுக்களிலும் அழிக்கச் சொல்லி எழுதுங்கள்.

வீட்டாரோடு வாரம் ஒரு முறையாவது பேசும் உரிமையையும், வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வையும் எழுத்தில் கொடுங்கள். நிர்வாகத்துக்கு அறிக்கை கொடுக்காத, மிஷனெரிகள் மனம் திறந்து பேசக்கூடிய மூத்த ஊழியர் ஒருவரைத் தளங்களுக்கென்று நியமியுங்கள். அவரிடம் ஒருவர் தன் ஜெபம் வறண்டுவிட்டது என்று சொன்னால் அது யாருடைய கோப்பிலும் ஏறக் கூடாது.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இந்த மடலை முழுவதும் வாசித்து, முடிவைத் தெரிவியுங்கள். பதில் எனக்குத் தனியாக வேண்டாம். எல்லாத் தளங்களுக்கும் போகும் சுற்றறிக்கையாக வரட்டும். அதுவரை எங்கள் தளத்திலிருந்து செலவுக் கணக்கும் மற்ற விவரங்களும் வழக்கம்போல் வந்து சேரும். எண்ணிக்கைப் பக்கத்தையும் புகைப்படப் பக்கத்தையும் நிரப்பாமல் அனுப்புவோம்.

இப்படிக்கு,
உங்கள் சங்கம் அனுப்பிய மிஷனெரிகளில் ஒருத்தி